நீ அனுப்பிய மானிட்டர் வந்து சேர்ந்தது

அன்புள்ள தம்பிக்கு,

உனக்குச் சொல்ல வேண்டியதை இப்படிப் பத்திரிகையில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். போனிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லிப் பார்க்கவும் செய்தேன். "சொல்லும்மா, என்ன" என்று நீ கேட்டதும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியாததில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டால்கூடக் கண்டக்டரிடம் வாய்விட்டுச் சொல்லாமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள் நான். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினால் பாதி படித்ததுமே போன் செய்துவிடுவாய். உன் குரலைக் கேட்டால் மீதிப் பாதி எனக்கு வராது. அச்சில் வந்துவிட்டால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பேச்சை மாற்ற முடியாது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்து வேலை செய்யும் வேறு சிலரும் இதைப் படிக்கட்டும் என்று நினைத்தேன். அது உண்மைதான், ஆனால் இரண்டாவது காரணம்.

நீ அனுப்பிய மானிட்டர் வந்துவிட்டது. திருவானைக்காவல் வீட்டு மாடிப்படி குறுகல் என்று டெலிவரி பையன் கீழேயே வைத்துவிட்டுப் போகப் பார்த்தான். கீழ் வீட்டு அண்ணன்தான் தூக்கி வந்து மேஜையில் வைத்துக் கொடுத்தார். "பையன் அனுப்புனதா? டிவி மாதிரி இருக்கே" என்றார். வயர்களை நானே மாட்டினேன். நீ சொல்லிக்கொடுத்தபடி, கருப்பில் தொடங்கி வெள்ளை வரை படிப்படியாகப் போகும் அந்தச் சாம்பல் பட்டையை முதலில் திறந்தேன். இரண்டு ஓரங்களிலும் படிகள் சுத்தமாக இருந்தன. நடுவில் இருக்க வேண்டிய படிகள் இல்லை. பழைய மானிட்டரில் எங்கே மங்கலாக இருந்ததோ, புதியதிலும் அதே இடத்தில் மங்கல். தலையைக் கொஞ்சம் திருப்பினேன். மங்கலும் என்னோடு திரும்பியது.

கெட்டுப்போனது மானிட்டர் இல்லை, தம்பி. என் கண்.

இதை எனக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். நீ ஆர்டர் போட்டு, அது வந்து சேர்வதற்குள் திருச்சி புத்தூரில் ஒரு கண் மருத்துவமனையில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் பெட்டியைப் பிரிக்கும்போது எனக்குள் ஒரு ஆசை இருந்தது. ஒருவேளை புதியதில் சரியாகத் தெரிந்துவிடும், டாக்டரம்மாதான் தப்பாகச் சொல்லியிருப்பார் என்று. பிசிக்ஸ் படித்தவள், எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி வாங்கியவள், அந்த ஆசையோடுதான் பிளக்கைச் செருகினேன்.

மூன்று மாதம் முன்பு உன்னிடம் போனில் சொன்னேன், ஞாபகம் இருக்கும். "மானிட்டர் நடுவுல ஒரு மாதிரி மங்கலா இருக்குடா. துடைச்சாலும் போகல." நீ சிரித்தாய். "அது என் வயசு மானிட்டர்மா. அதுக்கு ஒரு மாலையைப் போட்டு ஓரமா வை. நான் புதுசு அனுப்புறேன்." அதோடு சேர்த்து, சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு வாக்கியமும் சொன்னாய். அதைக் கடைசியில் எழுதுகிறேன். அது வரைக்கும் பொறுமையாகப் படி.

எனக்கு இந்தப் போட்டோ திருத்தும் வேலை எப்படிப் பிடித்தது என்று நீ ஒரு தடவை கேட்டாய். கல்லூரி முடித்ததும் டீச்சர் வேலைக்குப் போகச் சொன்னார்கள். நாற்பது பிள்ளைகள் என்னையே பார்ப்பார்கள் என்று நினைத்து விண்ணப்பமே போடவில்லை. மலைக்கோட்டைக்குக் கீழே சந்தில், ஜவுளிக்கடை மாடியில் இருந்த பஷீர் பாய் போட்டோ ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் தெரிந்த பெண் வேண்டும் என்றார்கள். உள் அறை, சுவரைப் பார்த்த நாற்காலி, ஜன்னலுக்குக் கருப்புத் துணி. யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள், நான்தான் எல்லோரையும் பார்ப்பேன். முதல் நாளே இது என் இடம் என்று தோன்றிவிட்டது. யாரையும் நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டவளுக்கு, திருச்சியில் கல்யாணம் செய்துகொண்ட பாதிப் பேரின் முகத்தை மூக்குக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கும் வேலை கிடைத்தது.

கருப்பு வெள்ளை வேலை என்னிடம் வந்தது தற்செயல்தான். அப்போது எங்களிடம் கருப்பு வெள்ளை கேட்டு வருகிறவர்கள் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் வருவார்கள். குரூப் போட்டோவைக் கொண்டுவந்து, இறந்தவர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பெரிதாக்கிப் பிரேம் போட்டுத் தரச் சொல்வார்கள். பிறகு காலம் மாறியது. கல்யாணம் நிச்சயமான பிள்ளைகள் முக்கொம்பு அணைப் பக்கம் போய்ப் படம் எடுத்துவந்து "இதைக் கருப்பு வெள்ளையில போடுங்கக்கா, கிளாஸா இருக்கும்" என்றார்கள். கூட வந்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். "உசுரோட இருக்கற பிள்ளைங்கள எதுக்கும்மா இப்படி?" என்று ஒரு அம்மா என்னிடம் ரகசியமாகக் கேட்டார். எனக்கும் அந்தப் பயம் உண்டு. உன் படம் ஒன்றைக்கூட நான் கருப்பு வெள்ளையாக மாற்றியதில்லை. நீ பிளஸ் டூ படிக்கும்போது கேட்டும் செய்து தரவில்லை. நேரமில்லை என்றேன். பொய்.

வேலை என்றால் நிறத்தை எடுத்துவிடுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் நிறம் போய்விடும், படமும் செத்துப்போகும். அரக்குச் சிவப்புப் பட்டில் பச்சை பார்டர் போட்ட புடவையைப் பார். கண்ணுக்கு அடித்துக்கொண்டு நிற்கும். பொத்தானை அமுக்கினால் இரண்டும் ஒரே சாம்பலாகி, புடவை கோணிப்பை மாதிரி ஆகிவிடும். அதனால் எந்த நிறம் எவ்வளவு வெளுப்பாக வர வேண்டும், எது இருட்டாக வர வேண்டும் என்று ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டும். சிவப்பைக் கொஞ்சம் ஏற்றினால் முகம் வெளிச்சமாகும். பச்சையை இறக்கினால் பார்டர் தனியாகத் தெரியும். மஞ்சளை ஏற்றினால் தாலிச்சரடு பளிச்சென்று வரும். கருப்பு வெள்ளைக்காரிக்குத்தான் நிறம் அதிகம் தெரிய வேண்டும். இதை உனக்குச் சொன்னபோது நீ சொன்னாய்: "அப்ப நீ கலரை எடுக்கற, நான் கலரைப் போடறேன்." அப்படித்தான் ஹைதராபாத்துக்குப் போய், விளம்பரப் படங்களுக்கு நிறம் சரிசெய்யும் வேலையில் உட்கார்ந்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் பெருமை வரவில்லை.

சிவப்பை ஏற்றும்போது ஒரு ஆபத்து உண்டு. நான் பார்த்துப் படித்த வீடியோக்கள் எதிலும் அதைச் சொல்லவில்லை. அவற்றில் வருகிற வெளிநாட்டுக்காரர்கள் நெற்றியில் எதுவும் இல்லை. நம் ஊர் முகத்தில் சிவப்பை ஏற்றினால் குங்குமம் காணாமல் போய்விடும். தோல் வெளுக்கிற அளவுக்குப் பொட்டும் வெளுத்து, இருந்த இடமே தெரியாது. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் என்றால் நாமத்தின் நடுவில் இருக்கும் சிவப்புக் கோடு போய்விடும். அதனால் எந்தப் படத்தைத் திறந்தாலும் என் முதல் வேலை, நெற்றியை மட்டும் தனியாகப் பிரித்துக் காப்பாற்றி வைப்பது. அதற்குப் பிறகுதான் மற்றது. பாய் கேலி செய்வார். "ஏம்மா, மேக்கப் போடுற பொண்ணுகூட இவ்ளோ நேரம் பொட்டு வைக்காது."

போன மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமாவும் மாமியும் வந்தார்கள். அறுபதாம் கல்யாணம் முடிந்திருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகள், இரண்டு பேரும் சேர்ந்து இருக்கும் படத்தைக் கருப்பு வெள்ளையில் பெரிதாகப் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறாள். மாமாவுக்கு மனசில்லை. "சுவத்துல மாட்டறத்துக்கு இன்னும் நாள் இருக்கோல்லியோ" என்று சிரித்தார். மாமி, "பேசாம இருங்கோ, குழந்தை ஆசைப்படறா" என்று அடக்கினார். நல்ல படம். வீட்டுக்கு எடுத்துவந்து, பழைய மானிட்டரில் வழக்கம்போல நெற்றியைப் பிரித்து வைத்தேன். வைத்ததாகத்தான் நினைத்தேன். இரண்டு நெற்றியும் மங்கலாகவே தெரிந்தன. மானிட்டர் கோளாறு என்று விட்டுவிட்டேன், அதுதான் புதிது வருகிறதே என்று.

பிரிண்ட் எடுத்து, உறையில் போட்டு, அவர்கள் கையில் கொடுத்தாகிவிட்டது. மாமி கவுண்டரிலேயே பிரித்துப் பார்த்தார். உறை பிரியும் சத்தம் கேட்டு உள் அறையிலிருந்து எழுந்து வந்தேன்.

"ஏன்டீம்மா," என்றார் மாமி, கோபமே இல்லாமல், "என் நெத்தியில ஒண்ணுமே இல்லையே."

மாமா படத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். அவர் நாமத்தில் நடுக்கோடு இல்லை. மாமியின் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படத்தைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார். "பெருமாள் இருக்கார், விடு" என்று மாமியிடம் சொன்னார். அவர் கை மாமியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்குத் திட்டு விழுந்திருந்தால் தேவலை. பாய் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு, அந்தப் பிரதியைக் கிழித்து, மறுநாளே வேறு ஆள் வைத்துச் சரிசெய்து கொடுத்தார். அன்று மாலை நான் கிளம்பும்போது, "நாளைக்கு வராதம்மா. கண்ணைக் காட்டிட்டு வா. முதல்ல அது" என்றார்.

டாக்டரம்மா சின்னப் பெண். கண்ணில் மருந்து விட்டு, விழித்திரையைப் படம் எடுத்து, தன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். "நடுவுல தேஞ்சிருக்கு பாருங்க, இங்க" என்று விரல் வைத்தார். வாழ்க்கை முழுக்கப் படம் பார்த்தவளுக்கு, தன் கண்ணின் படத்தில் அவர் விரல் வைத்த இடம் தெரியவில்லை. விரலும் தெரியவில்லை.

"கண்ணாடி மாத்துனா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. கண்ணாடியோ ஆபரேஷனோ இதுக்கு உதவாது. மெதுவா இன்னும் கூடும். ஓரத்துல பார்வை இருக்கும், நடமாடலாம், சமைக்கலாம். படிக்கறது, முகம் பாக்கறது கஷ்டமாகும். நிறமும் கொறையும்." பிறகு கேட்டார்: "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உன் தாத்தா, என் அப்பா, ஞாபகத்துக்கு வந்தார்.

நீ அவரைப் பார்த்ததில்லை. லால்குடி பக்கம் வயல் வேலை. ஐம்பது வயதுக்கு மேல் அவர் யாரையும் நேராகப் பார்க்க மாட்டார். பேசும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பி, ஓரக்கண்ணால் பார்ப்பார். ஊரில் அதைத் திமிர் என்றார்கள். நான் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முறுக்கு எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தோம். அவர் நேராக வந்து, எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் தூக்குவாளியை நீட்டி, "நல்லாயிருக்கியாம்மா" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "அப்பா, நான் இங்க இருக்கேன்" என்றேன். சத்தம் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான். பெற்ற பெண்ணை அடையாளம் தெரியவில்லையா என்று. "கண்ணு தெரியலையாப்பா?" என்று கேட்டேன். "எனக்கு என்ன, நல்லாத்தான் தெரியுது" என்றார். கடைசி வரைக்கும் அதைத்தான் சொன்னார். நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதை உனக்குச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததாகவும் இருக்கும். அசல் படத்தில் கை வைக்காதே. பிரதி எடுத்து, அதன் மேல்தான் வேலை செய். இதை நான் கற்றுக்கொண்டது உன் அப்பா படத்தில். அவர் போனபோது உனக்கு மூன்று வயது. போனில் எடுத்த ஒரே ஒரு படம் இருந்தது. பிரேமுக்காக அதை அவசரமாகக் கருப்பு வெள்ளையாக்கி, அதே பெயரில் சேமித்துவிட்டேன். அவ்வளவுதான், நிறம் போயே போய்விட்டது. அந்தக் கோப்பில் இப்போது தேடினாலும் நிறம் என்று ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நீ கேட்டாய், "அப்பா போட்டுருக்கற சட்டை என்ன கலரும்மா?" நீலம் என்றேன். நீயும் எல்லோரிடமும் நீலம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய். பச்சையாகவும் இருந்திருக்கலாம், தம்பி. எனக்கு உண்மையில் ஞாபகம் இல்லை. அந்தச் சாம்பலிலிருந்து கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று எத்தனையோ விதமாகப் பார்த்துவிட்டேன். இல்லை.

இன்னொன்று. நிழலை அதிகமாக இருட்டாக்காதே. படம் கம்பீரமாக இருக்கும், எல்லோரும் ஆஹா என்பார்கள். ஆனால் முழுக் கருப்பில் அப்புறம் எதையும் மீட்க முடியாது. தலைமுடியும் புருவமும் கரைந்துவிடும். நீ பிளஸ் டூவில் ஜம்புகேஸ்வரர் கோயில் கோபுரத்தை எடுத்து, வானத்தைக் கரிக்கட்டையாக்கிக் கொண்டுவந்தாயே, அப்போதே சொன்னேன். "அதாம்மா ஸ்டைலு" என்றாய்.

பாய் என்னை நிறுத்தவில்லை. கவுண்டரில் உட்காரச் சொல்லியிருக்கிறார். வருகிறவர்களிடம் என்ன சைஸ், எத்தனை காப்பி என்று கேட்க வேண்டும். யாரையும் பார்க்கக் கூச்சப்பட்டு உள் அறைக்குப் போனவள், முகம் தெரியாமல் போன பிறகு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நேற்று ஒருவர், "என்னம்மா, பேசறப்ப மூஞ்சியத் திருப்பிக்கிறே, பெரிய இடமோ?" என்றார். எத்தனை காப்பி என்று கேட்டேன். என் அப்பா பார்த்த மாதிரியே நானும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

உன் மானிட்டர் வீணாகவில்லை. இந்தக் கடிதத்தை அதில்தான் எழுதுகிறேன். ஒரு எழுத்து உள்ளங்கை அளவுக்கு வருகிறது. ஓரத்தில் வைத்துப் படித்துக்கொள்கிறேன். போன வாரம் உன் படம் ஒன்றையும் அதில் திறந்தேன், ரயில் ஏறும் நாளில் ஜங்ஷனில் எடுத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கருப்பு வெள்ளையாக்கினேன். பயம் போய்விட்டதால் இல்லை. வெளுப்பும் கருப்பும் தூக்கலாக இருந்தால்தான் உன் முகம் எனக்கு இன்னும் கொஞ்சம் பிடிபடுகிறது. நேராகப் பார்த்தால் நீ இருப்பதில்லை. உன் காதுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தூணைப் பார்த்தால், ஓரத்தில் நீ வருகிறாய்.

இப்போது நீ சிரித்துக்கொண்டே சொன்னதற்கு வருகிறேன். மானிட்டர் நடுவில் மங்கலாக இருக்கிறது என்று நான் சொன்னதற்கு நீ சொன்னது இது: "எனக்கும்தாம்மா. சாயங்காலம் ஆனா ஸ்கிரீன் நடுவுல ஒரு அழுக்கு மாதிரி இருக்கு. ஏ.சி. ரூம்ல தூசியா இருக்கும்." அப்போது நானும் சிரித்தேன்.

அன்றைக்கு டாக்டரம்மாவிடம் என் அப்பாவைப் பற்றிச் சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்தினார். "பிள்ளைங்க இருக்காங்களா?" என்றார். "ஒரு பையன்." "என்ன வேலை பாக்குறார்?" "நிறம் பாக்குற வேலை" என்றேன். அவர், "அவருக்கும் வரணும்னு கட்டாயம் இல்லம்மா. ஆனா ஒரு தடவை காட்டிடச் சொல்லுங்க" என்றார். அப்போதுதான் உன் வாக்கியம் என் காதில் மறுபடி விழுந்தது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் விழுகிறது. அது வெறும் தூசியாகவே இருக்கட்டும் என்று வேண்டாத கோயில் இல்லை. ஆனால் நான் சொன்ன தூசியும் தூசி இல்லை. வேண்டுதலில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. உனக்கும் இது இருக்கிறது என்று தெரிந்தாலும் டாக்டர்களால் ஒன்றும் செய்ய முடியாது, அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. வேறு வேலை பழகிக்கொள்ள உனக்குக் கொஞ்சம் வருஷம் கிடைக்கும். நான் கொடுக்க முடிந்தது அந்த வருஷங்கள்தான்.

அதனால் கேட்கிறேன். போய்க் கண்ணைக் காட்டு. என் ரிப்போர்ட்டை அனுப்புகிறேன், அதையும் கொண்டுபோ. இந்த வாரமே போ, வேலை முடியட்டும் என்று தள்ளாதே. என்ன சொன்னாலும் அப்படியே எனக்குச் சொல். சின்ன வயதில் நான் வீட்டில் வேலை செய்த படத்தைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், டிவியிலிருந்து தலையைத் திருப்பாமலே "நல்லாத்தான் இருக்கும்மா" என்பாய். உன் தாத்தா சொன்னதும் அதே வார்த்தைதான். இந்தத் தடவை மட்டும் அப்படிச் சொல்லாதே. அப்போது உன்னிடம் என்ன சொல்வேனோ, அதையே இப்போதும் சொல்கிறேன்.

பாத்துட்டுச் சொல்லுடா.

அம்மா